பொட்டு வைத்த பத்துப் பத்திரங்கள்

போன சரஸ்வதி பூஜையன்று உங்களில் ஒருவர் சந்தனக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு பத்திரப் பெட்டி அருகே போனபோது நான் போட்ட சத்தம் உங்களுக்கு நினைவிருக்கும். பேனாவுக்கு வையுங்கள், பெட்டிக்கு வையுங்கள், சுவர்க் கடிகாரத்துக்கு வேண்டுமானாலும் வையுங்கள், பங்குப் பத்திரத்தை மட்டும் தொடாதீர்கள் என்றேன். அந்தத் தம்பியின் முகம் சுருங்கிப்போயிற்று. சாயங்காலம் இன்னொரு பொட்டலம் சுண்டல் கொடுத்துச் சமாதானம் செய்தேனே தவிர, காரணம் சொல்லவில்லை.

இன்னொரு கேள்வியும் உங்களிடமிருந்து அடிக்கடி வரும். நம் நிதி பணம் போட்டிருக்கும் எந்தக் கம்பெனியின் கோப்பைத் திறந்தாலும் முதல் பக்கத்தில் விலை இருக்காது, லாபம் இருக்காது. அங்கே வேலை செய்பவர்களின் பெயர்கள் இருக்கும். "என்னா சார், பள்ளிக்கூடத்து ஆஜர் பட்டியல் மாதிரி இருக்கு," என்று ஒருவர் சிரித்தார். நானும் சிரித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டேன்.

நிதிப் பொறுப்பிலிருந்து நான் விலகி மூன்று மாதம் ஆகிறது. ஐம்பது வயதில் ஏன் விலகினேன் என்று கேட்கிறீர்கள். டெலிபோன் மணி அடித்தால் பதறி எழுகிறவன் பிறர் சேமிப்பை வைத்து விற்கவும் வாங்கவும் உட்காரக் கூடாது, அவ்வளவுதான். மருமகன் வரும் ரயில் அரை மணி தாமதமானால் நான் ஸ்டேஷனுக்குப் போய் நிற்கிறேன். மகள் திட்டுகிறாள். அந்தப் பதற்றம் எங்கே ஆரம்பித்தது என்று யோசித்தால், உங்கள் இரண்டு கேள்விகளுக்கும் உரிய பதிலும் அங்கேதான் இருக்கிறது. ஆகையால் எழுதிவிடுகிறேன்.

நம் நிதி இன்று போல அன்று பெரிதல்ல. லாபிஸ் சுற்றுவட்டத்துத் தோட்டங்களின் கிராணிகள், ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர்கள், பள்ளி ஆசிரியர்கள், ரயில்வே ஆட்கள் மாதாமாதம் கொடுத்ததைச் சேர்த்து ரப்பர் கம்பெனிகளின் பங்குகளை வாங்கி வைத்திருந்தோம். நானும் கிராணிதான், தோட்டத்து ஆபீஸில் கணக்கு எழுதுகிறவன். கையெழுத்து அழகாக இருக்கிறது என்பதற்காக என்னைப் பொறுப்பில் வைத்தார்கள். பங்கு வியாபாரம் பற்றி எனக்கு அப்போது ஒன்றும் தெரியாது.

அதைக் கற்றுக்கொடுத்தவர் ஒரு சீனத் தரகர். பெயர் சொல்ல மாட்டேன். எழுத்தில் தன் பெயர் வருவது அவருக்குப் பிடிக்காது. தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர், நம்மைவிடச் சரளமாகத் தோட்டத்துத் தமிழ் பேசுவார். என் வயதுதான். லாபிஸ் ஸ்டேஷனுக்கு எதிரே உள்ள கோப்பிக்கடையில் மூலை மேசைதான் அவருடைய ஆபீஸ். இந்த வட்டாரத்துச் சிறு கம்பெனிகளின் பங்குகளுக்கு அங்கே பேசப்படும் விலைதான் விலை.

ஜப்பான் சண்டைக்குச் சில வருஷங்களுக்கு முன், ஊர்க்காரர்களே சேர்ந்து நடத்திய ஒரு ரப்பர் தோட்டக் கம்பெனியின் பங்குகளை வாங்க நான் அங்கே போனேன். பெரிய மனிதன் போல உட்கார்ந்து, "எவ்வளவு வந்தாலும் எடுத்துக்கிறேன்," என்று எல்லார் காதிலும் விழும்படி சொன்னேன். கோப்பி ஆறுவதற்குள் விலை இரண்டு தடவை ஏறிவிட்டது. இன்றைக்கு இந்தப் பங்குக்கு நல்ல கிராக்கி போலிருக்கிறது என்று தரகரிடம் சொன்னேன். அவர் என்னைக் கடையின் பின்பக்கம் அழைத்துக்கொண்டு போனார்.

"கிராணி, குட்டையில எருமை எறங்குனா தண்ணி என்னா ஆவும்?"

"மேல வரும்."

"எருமை என்னா நெனைக்கும் தெரியுமா? அலமாக், இன்னிக்கி குட்டையில தண்ணி ஜாஸ்தியா இருக்கேன்னு நெனைக்கும்." அவர் என் தோளில் தட்டினார். "நீங்கதான் எருமை லா."

இன்று வரை நம் தொழிலைப் பற்றி இதைவிடச் சுருக்கமாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. தனி ஆள் பத்துப் பங்கு வாங்கினால் விலைக்குத் தெரியாது. ஆயிரம் பேர் பணத்தை ஒரே கையில் வைத்திருக்கிறவன் அசைந்தால், அவன் பார்த்துக்கொண்டிருக்கும் விலையே அவனால் அசைந்ததாக இருக்கும். நான் அதைக் கேட்டுக்கொண்டேன். ஆனால் பாதிதான் புரிந்தது என்பது பின்னால் தெரிந்தது.

அன்று வாங்கிய பத்திரங்கள் நாற்பது. அவற்றை வீட்டுக்குக் கொண்டுவந்து பெட்டியில் வைத்த வருஷம் என் மகளுக்குப் பத்து வயது. சரஸ்வதி பூஜையன்று புத்தகங்களுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டிருந்தவள், "இதுக்கும் வைக்கட்டாப்பா?" என்று கேட்டாள். வைக்கச் சொன்னேன். ஒவ்வொரு பத்திரத்தின் அடி ஓரத்திலும் மிளகு அளவுக்கு ஒரு பொட்டு. அடுத்த வருஷம் அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. வருஷத்துக்கு ஒன்றாக வரிசை நீண்டது. அவள் விரல் வளர வளரப் பொட்டும் வளர்ந்தது. எனக்கு அதைப் பார்க்க ஆசையாக இருக்கும். வேலை அதிகமான நாட்களில்கூடப் பெட்டியைத் திறந்து அந்த வரிசையைப் பார்த்துவிட்டு மூடுவேன்.

ஜப்பான்காரன் வந்தபின் வெள்ளைக்காரக் கம்பெனிப் பத்திரங்கள் வெறும் காகிதமாகிவிட்டன. அவற்றுக்கு விலை சொல்ல ஆள் இல்லை. ஊர்க்காரர்களின் அந்த ஒரு கம்பெனிப் பங்குக்கு மட்டும் கோப்பிக்கடையில் இன்னும் விலை இருந்தது. தோட்டத்தில் கொஞ்சம் ரப்பர்ப் பால் வெட்டு நடந்தது. மீதி நிலத்தில் மரவள்ளி போட்டிருந்தார்கள். ஆனால் அந்தத் தோட்டத்துக்கு அன்று இருந்த மதிப்பு ரப்பராலும் இல்லை, மரவள்ளியாலும் இல்லை. அங்கே வேலைப் பட்டியலில் பெயர் இருந்தால் ஜப்பான்காரனின் வேலை ஆபீஸ் ஒரு பாஸ் கொடுக்கும். பாஸ் இருப்பவனைச் சயாமுக்கு ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போக மாட்டார்கள். சயாமுக்குப் போனவர்கள் திரும்புவதில்லை என்பது அதற்குள் எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

என் மகளைக் கட்டிக்கொடுத்திருந்தது அந்தத் தோட்டத்தில்தான். மருமகன் பால் நிறுக்கும் கிராணி. மகள் அப்போது ஐந்து மாதக் கர்ப்பம். ஒவ்வொரு மாதமும் பட்டியல் போன பிறகு அவனுக்குப் புதுப் பாஸ் வந்துவிட்டது என்று தெரிந்த அன்றுதான் நான் ஒழுங்காகச் சாப்பிடுவேன்.

அந்தச் சமயத்தில் நிதி உறுப்பினர்கள் சிலர் தங்கள் பணத்தைக் கேட்டு வந்தார்கள். நியாயமான தேவை. அரிசி எட்டாத விலைக்குப் போய்விட்டது, ஒருவர் வீட்டில் மூன்று பிள்ளைகளுக்கும் மலேரியா. விற்பதற்கு நம்மிடம் இருந்தவை அந்த நாற்பது பத்திரங்கள்தான். அதில் பத்தை விற்பது என்று தீர்மானித்தேன். அதில் தவறில்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

தவறு, விற்ற விதத்தில். எருமைப் பாடம் நினைவிருந்தது. லாபிஸில் விற்றால் நிதி விற்கிறது என்று தெரிந்து விலை விழும். ஆகவே நம் தரகருக்கும் சொல்லாமல், கமிட்டிக்கும் சொல்லாமல், பத்துப் பத்திரங்களைப் பழைய செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு குளுவாங்குக்கு ரயில் ஏறினேன். அங்கே என்னை அறியாத ஒரு தரகர் பிரித்துப் பார்த்தார், எண்ணினார், எடுத்துக்கொண்டார். கேள்வி கேட்கவில்லை. திரும்பும் வழியில் நான் என் சாமர்த்தியத்தை நினைத்துச் சந்தோஷப்பட்டேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

மூன்றாம் நாள் தரகர் கூப்பிட்டனுப்பினார். கோப்பிக்கடையில் வழக்கத்தைவிடக் கூட்டம். கோப்பி என்ற பெயரில் வறுத்த சோளத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்த காலம். அதைக் குடிக்க அவ்வளவு பேர் வர மாட்டார்கள். மூலை மேசைக்குப் போனேன். பளிங்கு மேல் ஒரு பத்திரம் விரித்து வைக்கப்பட்டிருந்தது.

"உக்காருங்க கிராணி," என்றார் தரகர். "இது யாரு வீட்டுக் கல்யாணப் பத்திரிக?"

அடி ஓரத்தில் பொட்டு வரிசை. மிளகிலிருந்து சுண்டைக்காய் வரை. சந்தனம் காய்ந்து, குங்குமம் மங்கி, ஆனால் ஒன்றுகூட உதிராமல்.

"குளுவாங்ல வித்தா லாபிஸுக்குத் தெரியாதுன்னு யாரு சொன்னா? காயிதம் ரயில் ஏறாதா? எந்த நிதிக்காரன் பங்குக்குப் பொட்டு வைக்கிறான்? இந்த ஜோகூர்லயே நீங்க ஒருத்தர்தான். மஞ்ச தடவி ஊருக்கெல்லாம் பத்திரிக வச்சிட்டு, யாருக்கும் தெரியாதுன்னு உக்காந்திருக்கீங்க."

"பத்துதான் வித்தேன்."

"பத்துன்னு உங்களுக்குத் தெரியும். இவங்களுக்குத் தெரியுமா?" கூட்டத்தைக் கண்ணால் காட்டினார். "நிதி வித்துட்டானாம். எங்கிட்டகூடச் சொல்லாம, ஒளிச்சி வித்தானாம். அப்டின்னா கம்பெனியில என்னமோ கெட்டுப் போச்சி, கிராணிக்கு மட்டும் தெரியும். இப்டித்தான் பேச்சு. நேத்திலேருந்து எல்லாரும் விக்க வந்துட்டாங்க. வாங்க ஆளு இல்ல. வெல பாதியாயிடுச்சி." குரலைத் தாழ்த்தினார். "எங்கிட்டச் சொல்லியிருக்கலாம் லா. இத்தன வருசம்."

விலை பாதியானதைவிட அந்தக் கடைசி வார்த்தைதான் அப்போது எனக்கு வலித்தது. என்ன நடக்கப்போகிறது என்று இன்னும் எனக்கு விளங்கவில்லை. காகிதத்தின் விலைதானே, கம்பெனி அங்கேயே இருக்கிறதே, மரங்கள் நிற்கின்றனவே என்று நினைத்தேன். நீங்களும் அப்படித்தான் நினைப்பீர்கள். உங்களில் ஒருவர் என்னிடம் கேட்டதும் அதுதான்: "நாம வித்தா வெல கொஞ்சம் எறங்கும், அப்பறம் ஏறும். கம்பெனிக்கு அதனால என்னா சார்?"

என்ன என்று என் மகள் வந்து சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை காலை, வெயில் ஏறும் நேரத்தில், வயிற்றுச் சுமையோடு நடந்தே வந்திருந்தாள். நான் பதறிப்போய் நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

"என்னாம்மா இது, இந்த நெலமையில நடந்து வரலாமா?"

"மாட்டு வண்டி வரலப்பா. அதச் சொல்லத்தான் வந்தேன்." தண்ணீர் குடித்தாள். "சிகாமட் தவுக்கே வண்டி சனிக்கிழம வரணும். வரல. உப்பு இல்ல, கருவாடு இல்ல. இனி வராதாம்."

அந்தத் தவுக்கே சிகாமட்டில் மளிகை மொத்த வியாபாரம் செய்யும் சீன முதலாளி; அந்தத் தோட்டத்துக்கு வாராவாரம் உப்பு, கருவாடு, துணி அனுப்பிக்கொண்டிருந்தார். அதற்கு ஈடாகக் கம்பெனி தன் கையில் இருந்த பங்குகளை அவரிடம் வைத்திருந்தது. பங்கின் விலை பாதியானதும் அவர் கையில் இருந்த ஈடும் பாதியாயிற்று. அவர் பயந்து வண்டியை நிறுத்திவிட்டார். அவர்மேலும் குற்றமில்லை.

"மேனேஜர் எல்லாரையும் வச்சிச் சோறு போட முடியாதுங்கறாரு. பட்டியல்ல ஆளக் கொறைக்கப்போறாராம். நாலு பேரு. நீக்கற பேருங்க பட்டியல் நாளைக்குக் காலையில வேலை ஆபீஸுக்குப் போவுது."

"யாரு யாரு?"

அவள் என் மேசையைப் பார்த்தாள். தரகர் கொடுத்தனுப்பிய பத்திரம் அங்கே இருந்தது. எடுத்துப் பார்த்தாள். கடைசிப் பொட்டைத் தன் விரல் நுனியால் மூடிப் பார்த்தாள். சரியாக இருந்தது.

"இது நான் வச்சதுதானே. எப்படிப்பா வெளிய போச்சி?"

சொன்னேன். முழுவதும் சொன்னேன். அவள் அழவில்லை. "நாலாவது பேரு அவருதாம்ப்பா," என்றாள்.

இந்த இடத்தில் உங்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். அந்த நேரத்தில் என் கையில் இன்னும் முப்பது பத்திரங்கள் இருந்தன, விற்ற பணமும் இருந்தது, யாரையும் கேட்காமல் எதையும் செய்யும் அதிகாரமும் இருந்தது. உடனே ஓடிப்போய் எல்லாப் பணத்துக்கும் அந்தப் பங்கையே திரும்ப வாங்கி விலையைத் தூக்கியிருக்கலாம். அப்படிச் செய்திருந்தால் மலேரியாப் பிள்ளைகளின் தகப்பன் பணத்தில் என் மருமகனுக்குப் பாஸ் வாங்கியதாக ஆகியிருக்கும். என் மகள் எதிரே உட்கார்ந்திருந்தபோது அந்த எண்ணம் எனக்கு வரவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். வந்தது. பலமாக வந்தது.

கமிட்டியைக் கூப்பிட்டேன். பள்ளிக்கூடத்தில் மத்தியானம் கூடினார்கள். ஐந்து பேர். அதில் பேச்சு செல்லுபடியாகிறவர் தோட்டத்து மருத்துவச்சி. எல்லாரும் அக்கா என்போம். பாதித் தோட்டம் அவர் கையில் பிறந்ததுதான். நான் எழுந்து நின்று, குளுவாங் போனது, பொட்டு, விலை, வண்டி, பட்டியல் எல்லாம் சொன்னேன். கடைசியாக, நாலாவது பெயர் என் மருமகனுடையது என்றும் சொன்னேன்.

பிறகு அக்கா கேட்டார்: "கிராணியாரே, இப்ப நீங்க எங்ககிட்ட நிதிக்காரரா பேசறீங்களா, மாமனாரா பேசறீங்களா?"

"தெரியலக்கா."

"தெரியலன்னா வெளிய போயி நில்லுங்க. நாங்க பேசிட்டுக் கூப்புடறோம்."

ரம்புத்தான் மரத்தடியில் நின்றேன். மகள் பக்கத்தில் வேர்மேல் உட்கார்ந்திருந்தாள். உள்ளே குரல்கள் ஏறி இறங்கின. கமிட்டியில் ஒருவரான பள்ளி வாத்தியார், "மொத்தத்தையும் வித்துத் தொலைங்க, மிச்சமாவது தேறும்," என்பது கேட்டது. "வித்துட்டு அந்த லயத்து வீடுங்க பக்கம் நீங்க போயி மொகத்தக் காட்டுங்க வாத்தியாரே, நான் வரல," என்று அக்காவின் குரல். மகள் லேசாகச் சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சொந்தக்காரர் இருக்கும் கம்பெனியைப் பற்றிப் பேசும்போது நம் கமிட்டியில் அந்த ஆள் எழுந்து வெளியே போகிறாரே, அந்த வழக்கம் அந்த மரத்தடியில்தான் ஆரம்பித்தது.

கூப்பிட்டார்கள். தீர்ப்பை அக்காவே சொன்னார். "பணம் கேட்டவங்களுக்கு மொதல்ல குடுத்துடுங்க. அது அவங்க அரிசி. மிச்சத்துல எத்தன பங்கு வருதோ வாங்குங்க, இப்ப மலிவாத்தானே கெடைக்கிது. ஆனா வாங்கறது பெருசில்ல. நாளைக்குக் காலையில கோப்பிக்கடையில எல்லாரும் இருக்கும்போது எந்திரிச்சி நின்னு, எதுக்கு வித்தீங்கன்னு சொல்லுங்க. பிள்ளைங்களுக்கு மருந்துக்கு வித்தோம், கம்பெனி கெட்டதுக்கு விக்கலன்னு சொல்லுங்க. அப்பறம் சிகாமட் போயி அதையே தவுக்கேகிட்ட சொல்லுங்க. வித்ததால வெல எறங்கல கிராணியாரே. எதுக்கு வித்தீங்கன்னு தெரியாததால எறங்குச்சி."

இத்தனை வருஷத்தில் எத்தனையோ கணக்குப் புலிகளைப் பார்த்திருக்கிறேன். பங்குச் சந்தையைப் பற்றி அந்த அம்மாள் சொன்னதுபோல் ஒருவரும் சொன்னதில்லை. அவர் தன் வாழ்நாளில் ஒரு பங்குகூட விற்றதில்லை.

பட்டியல் காலையில் போய்விடுமே என்றேன். ஒரு நாள் பொறுக்கச் சொல்லி மேனேஜருக்குச் சீட்டு எழுதுங்கள் என்றார்கள். எழுதினேன். "ஒரு நாள் பொறுக்கவும். நிலைமை சரியாகும். நிதி சார்பில்." மடித்து மகளிடம் கொடுத்தேன். அவள் எப்படியும் திரும்பப் போகிறவள்தானே. அக்காவும் அவளுக்குத் துணையாக அதே வழியில்தான் போனார். சீட்டை அக்காவின் கையில் கொடுத்திருக்கலாம். எனக்குத் தோன்றவில்லை.

மறுநாள் கோப்பிக்கடையில் எழுந்து நின்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. தரகர் ஒரு கரண்டியால் கிளாஸைத் தட்டி, "கிராணி பேசறாரு, கேளுங்க லா," என்றார். சொன்னேன். ஒளித்து விற்றது என் புத்தி கெட்ட வேலை என்றும் சொன்னேன். ஒரு கிழவர், "பொட்டு வச்சி ஒளிச்ச மொத ஆளு நீதான்யா," என்றார். கடையே சிரித்தது. அந்தச் சிரிப்பில்தான் விலை திரும்பியது என்று தரகர் பிறகு சொல்வார். நான் மூன்று பத்திரங்களை எல்லார் எதிரிலும் வாங்கினேன். தரகர் கமிஷன் வாங்க மறுத்தார். அடுத்த தடவை முதலில் என்னிடம் வந்தால் போதும் என்றார். மத்தியானம் சிகாமட்டில் தவுக்கே நான் சொன்னதை முழுவதும் கேட்டுவிட்டு, "இத மொதல்லயே வந்து சொன்னா என்னா?" என்று மட்டும் கேட்டார். செவ்வாய்க்கிழமை வண்டி போயிற்று.

ஆனால் பட்டியல் திங்கட்கிழமையே போய்விட்டிருந்தது.

மேனேஜர் என் சீட்டைப் படித்திருக்கிறார். கொண்டுவந்து கொடுத்தது யார் என்றும் பார்த்திருக்கிறார். ஒரு நாள் பொறுத்தால் வேலை ஆபீஸில் அவருக்குத் தொல்லை. நிதிக்காரரைப் பகைக்கவும் அவருக்கு மனமில்லை. ஆகவே அவருக்குப் புரிந்த விதத்தில் அவர் உதவி செய்தார். நாலாவது பெயரை அடித்துவிட்டு, வேறொரு பெயரை எழுதினார். மனைவி மக்கள் இல்லாத ஒரு பால்வெட்டுக்காரரின் பெயர்.

அந்த வாரமே நால்வரையும் லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். வண்டி நிறைய உப்பும் கருவாடும் வந்து இறங்கியிருந்த தோட்டத்திலிருந்து.

என் மகளின் கையில் அந்தச் சீட்டைக் கொடுத்தபோது என் மனத்தில் என்ன இருந்தது என்று நான் பல வருஷமாக என்னையே கேட்டுப் பார்த்துவிட்டேன். தெரியவில்லை. மேனேஜர் தவறாகப் புரிந்துகொண்டார் என்று சில நாள் தோன்றும். சரியாகத்தான் புரிந்துகொண்டார் என்று சில நாள் தோன்றும்.

சண்டை முடிந்து சில மாதங்கள் கழித்து, நிதியை மறுபடி திறந்து உட்கார்ந்திருந்தபோது ஒருவர் வாசலில் வந்து நின்றார். உடம்பு பாதியாக இருந்தது, காலில் ஆறாத புண். போன நால்வரில் திரும்பியவர் அவர் ஒருவர்தான். நாலாவது பெயர்க்காரர்.

"நிதியில சேரணும்," என்றார். துணி முடிச்சை அவிழ்த்துக் கொஞ்சம் பணத்தை மேசைமேல் வைத்தார்.

நான் எழுந்து நின்றேன். அவரிடம் சொல்லாமல் அந்தப் பணத்தைத் தொட என்னால் முடியவில்லை. "ஒங்க பேரு அந்த நீக்கற பட்டியல்ல எப்படி வந்துச்சுன்னு ஒங்களுக்குத் தெரியாது," என்று ஆரம்பித்தேன்.

"தெரியும். மேனேஜர் பேனாவால அடிச்சி எழுதறப்ப நான் எதுத்தாப்லதான் நின்னேன். பால் வாளி கணக்கு சொல்லப் போயிருந்தேன்." அவர் நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார். "மன்னிப்புக் கேக்கப் போறீங்களா?"

"ஆமா."

"கேக்காதீங்க. கேட்டா நான் ஏதாச்சும் சொல்லணும். எனக்கு என்னா சொல்றதுன்னு தெரியல." கொஞ்ச நேரம் புண்ணைச் சுற்றிய துணியைச் சரிசெய்தார். "பொண்ணா பையனா?"

"பொண்ணு."

"அவரு வீட்டுல இருந்தாரா, பொறக்கறப்ப?"

"இருந்தாரு."

தலையாட்டினார். "சரி, பணத்த எழுதிக்கிங்க. எந்தக் கம்பெனியில வேணும்னாலும் போடுங்க. அங்க யாரு வேல செய்யறாங்கன்னு மட்டும் மொதல்ல எழுதி வைங்க. விக்கறப்ப அதப் படிச்சிட்டு வில்லுங்க. விக்கவேணாம்னு நான் சொல்லல. படிச்சிட்டு வில்லுங்க."

முதல் பக்கம் அப்படி வந்தது. அன்றே எழுதினேன். அந்த முதல் கோப்பில் முதல் நாலு வரிகள் யாருடைய பெயர்கள் என்று உங்களுக்கு இப்போது தெரியும்.

பிறகும் நாம் விற்றிருக்கிறோம். கெட்ட நிர்வாகம் என்று தெரிந்தால் விற்கத்தான் வேண்டும்; உறுப்பினர் பணம் நம் பணமல்ல. ஆனால் கோத்தா திங்கிப் பக்கத்துக் கம்பெனியை விற்றபோது ஒரு மாதம் முன்பே அவர்களுக்குச் சொல்லி, காரணத்தையும் சொல்லி, கொஞ்சம் கொஞ்சமாக விற்றோம். நமக்குச் சற்று விலை குறைந்தது. அங்கே எந்த லயத்திலும் அடுப்பு அணையவில்லை. நீங்கள் இப்போது சிங்கப்பூருக்கு டெலிபோன் செய்து ஒரு வார்த்தையில் விற்றுவிடலாம். வார்த்தை சுருங்கிவிட்டது. எருமை இன்னும் பெருத்திருக்கிறது.

இனி பொட்டு விஷயம். அந்த நாலாவது பெயர்க்காரர் இப்போது நம் ஆபீஸை ஒட்டிய ரப்பர் ஆலையில் வாசல் காவல். உங்களுக்குத் தெரிந்த முகம்தான், நீங்கள் தினமும் வணக்கம் சொல்கிறீர்கள். ஒவ்வொரு பூஜைக்கும் வந்து சுண்டல் வாங்கிக்கொண்டு, பத்திரப் பெட்டியை எட்டிப் பார்ப்பார். "இன்னும் பொட்டு வைக்கலியா? அது என்னா பண்ணுச்சி பாவம்? ஒளிச்சது நீங்கதானே," என்பார். எனக்குப் பயம்தான். அந்த வரிசை எங்கே நின்றதோ அங்கேயே நிற்கட்டும் என்று விட்டுவைத்திருந்தேன். இப்போது யோசித்தால் அவர் சொல்வதுதான் சரி. பொட்டு உண்மையைத்தான் சொன்னது.

ஆகவே வரும் பூஜைக்கு என் பேத்தியை அனுப்புகிறேன். அவளுக்கு ஏழு வயது ஆகிறது. சந்தனக் கிண்ணத்தை அவள் கையில் கொடுங்கள். பத்திரங்களின் அடி ஓரத்தில் அவள் அம்மாவின் கடைசிப் பொட்டு இருக்கும், சுண்டைக்காய் அளவில். அதற்குப் பக்கத்தில் மறுபடியும் மிளகு அளவில் ஒன்று வைக்கட்டும். முடித்தபின் பழைய கோப்பைத் திறந்து, முதல் பக்கத்தில் நாலாவது பெயருக்கும் ஒன்று வைக்கச் சொல்லுங்கள். யார் இது என்று கேட்பாள். ஆலை வாசலுக்கு அழைத்துப் போய்க் காட்டுங்கள்.